பழைய உழவு இயந்திரங்களின் பற்றரி அழுத்தமும் மின்னேற்ற முறைமையும்

உழவு இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அதன் பொருளாதார, சமூக விளைவுகளையே நாம் பெரிதும் கருத்திற் கொள்கிறோம். அவ்வியந்திரத்தினுள்ளே நிகழ்வது யாது என்ற வினா கராச்சுக்குரியதாக விடப்பட்டுவிடுகிறது. இப்பிரிவினையின் விளைவை அனுபவிப்பவன் விவசாயியே. காலையில் இயந்திரம் இயங்க மறுத்தால் பற்றரி மாற்றப்படுகிறது. மறுபடியும் மறுத்தால் தைனமோ மாற்றப்படுகிறது. ஈற்றில் ‘பழைய முறைமை உதவாது’ என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் பௌதிகவியல் நியாயமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

ஹென்றி போட்டும் ஹரி பேர்குசனும் 1938இற் செய்துகொண்ட வாய்மொழி உடன்பாட்டின் பேறாக 1939இல் அமெரிக்காவில் போட் 9என் இயந்திரம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 1942இல் 2என்னும், உடன்பாடு முறிந்தபின் 1947இல் 8என்னும் வெளியாயின. 8என் 1952 வரை உற்பத்தி செய்யப்பட்டது. இம்மூன்றும் 6 உவோற்றுப் பற்றரியைக் கொண்டவை. மூன்றிலும் பற்றரியின் நேர்முனையே இயந்திர உடலுடன் தொடுக்கப்பட்டிருந்தது.

இவற்றுள் 2என்னின் வரலாறு மனங்கொளத்தக்கது. உலகப் போரின் காரணமாகச் செம்பும் இறப்பரும் அரிதாகியபோது இவ்வியந்திரம் பற்றரி, தைனமோ, தொடக்கி மோட்டர் ஆகியன இன்றி, மக்னிற்றோவுடனும் இரும்புச் சில்லுகளுடனும் விற்கப்பட்டது. தட்டுப்பாடு தளர்ந்தபின்னரே மின் உறுப்புகள் மீண்டும் இடம்பெற்றன. உற்பத்திக் கருவியின் வடிவத்தைப் பொறியியலாளனின் விருப்பம் மட்டுமன்றிக் காலத்தின் பொருளியற் சூழலும் நிர்ணயிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பேர்குசன் 1946 முதல் இங்கிலாந்தின் கொவன்றியில் உற்பத்தி செய்வித்த ரீஈ20 இயந்திரத்தின் தொடக்க வகைகள் 6 உவோற்றையும், பிந்தியவை 12 உவோற்றையும் கொண்டிருந்தன. அதன் வழித்தோன்றல்களான மெசி பேர்குசன் 35, 135 என்பனவே நம் வயல்களுக்கு நன்கு அறிமுகமானவை. இவை 12 உவோற்று முறைமையில் இயங்குபவை.

கலமும் அழுத்தமும்

ஈயவமிலக் கலமொன்று முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் ஏறக்குறைய 2.1 உவோற்று அழுத்தத்தைத் தரும். மூன்று கலங்கள் தொடராக இணையின் 6.3 உவோற்றும், ஆறு கலங்கள் இணையின் 12.6 உவோற்றும் பெறப்படும். மின்னிறங்கும்போது இருவகைத் தகடுகளிலும் ஈயச்சல்பேற்று படிகிறது. அமிலத்தின் தன்னீர்ப்பு குறைகிறது. மின்னேற்றுகையில் இத்தாக்கம் பின்னோக்கி நிகழ்கிறது. இதற்குப் பற்றரியின் அழுத்தத்தை விஞ்சிய அழுத்தம் வேண்டும்: 6 உவோற்று முறைமைக்கு 6.9 முதல் 7.3 வரையும், 12 உவோற்று முறைமைக்கு 13.8 முதல் 14.4 வரையும் என்று கொள்ளலாம்.

மின்னிறங்கிய நிலையிற் பற்றரியை நெடுநாள் விட்டால் சல்பேற்றுப் பளிங்குகள் பருத்து இறுகி, மீளவும் தாக்கமுற மறுக்கும். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் கொட்டிலில் நிற்கும் இயந்திரத்துக்கு நேர்வது இதுவே. வெப்பநிலை உயர உயரக் கலம் தானாகவே மின்னிறங்கும் வேகமும் கூடும். ஆதலால் நம் போன்ற வெப்ப நாடுகளில், ஓய்வுக்காலத்தில் இடையிடையே மின்னேற்றுதல் இன்றியமையாதது.

ஆறு உவோற்றின் குறைபாடு யாது?

தொடக்கி மோட்டருக்கு 900 உவாற்று வலு தேவையெனக் கொள்வோம். 6 உவோற்றில் 150 அம்பியர் பாய வேண்டும். 12 உவோற்றில் 75 அம்பியர் போதும். வடத்திலும் அதன் தொடுகைகளிலும் உள்ள மொத்தத் தடை 0.005 ஓம் எனின், ஓமின் விதிப்படி முன்னையதில் 0.75 உவோற்றும், பின்னையதில் 0.375 உவோற்றும் இழக்கப்படும். முன்னையது மொத்த அழுத்தத்தின் எட்டில் ஒரு பங்கு. பின்னையது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அழுத்தம் பாதியாகும்போது அதே தடையினால் ஏற்படும் இழப்பு விகிதம் நான்கு மடங்காகிறது.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு, 6 உவோற்றுப் பற்றரி வலுக்குறைந்தது என்பதன்று; அம்முறைமை தடையைச் சகியாதது என்பதே. தடித்த செம்புவடமும் துப்புரவான தொடுகையும் உள்ளவரை போட் இயந்திரங்கள் செவ்வனே இயங்கின. பிற்காலத்தில் 12 உவோற்று வாகனங்களுக்கென விற்கப்படும் மெல்லிய வடங்கள் அவற்றிற் பொருத்தப்பட்டபோதே இடர் தோன்றியது. துருப்பிடித்த புவித்தொடுப்பும் அதே விளைவைத் தரும்.

இதனைக் கண்டறிவது எளிது. மோட்டர் சுழலும்போது பற்றரியின் முனைக்கும் மோட்டரின் முனைக்கும் இடையில் உவோற்றுமானியை வைத்து அளத்தல் வேண்டும். பின்னர் மறுமுனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையில் அளத்தல் வேண்டும். 6 உவோற்று முறைமையில் இவ்விரண்டின் கூட்டுத்தொகை ஏறக்குறைய அரை உவோற்றை மிஞ்சுமாயின், குறை பற்றரியிலன்று, வழியிலேயே உள்ளது.

தைனமோவும் அதன் காவலர்களும்

தைனமோவின் புலமுனைகளின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தமே மின்பிறப்பின் வித்தாகும். ஆமேச்சர் சுழல, அச்சிறு காந்தம் சிறிது மின்னைத் தூண்டும். அம்மின் புலத்தை வலுப்படுத்தும். இவ்வாறு அழுத்தம் வளரும். வேகத்துடன் கட்டின்றி வளரவல்ல இவ்வழுத்தத்தை அடக்குவதிலேயே பழைய முறைமைகள் வேறுபடுகின்றன.

தொடக்கத்தில் மூன்றாந் தூரிகை முறை வழங்கியது. புலச்சுருளுக்கான மின்னை மூன்றாவது தூரிகையொன்று வழங்கும். வெளிச்செல்லும் மின்னோட்டம் கூடும்போது ஆமேச்சரின் காந்தப்புலம் பிரதான புலத்தைத் திரிபடையச் செய்ய, அத்தூரிகை பெறும் அழுத்தம் குறைந்து உற்பத்தி மட்டுப்படும். ஆயின் இம்முறை கட்டுப்படுத்துவது ஓட்டத்தையே, அழுத்தத்தையன்று. பற்றரி நிறைந்த பின்னும் மின் பாய்ந்துகொண்டிருக்கும். நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வற்றும். ஓடும்போது பற்றரியைக் கழற்றினால் அழுத்தம் கட்டுமீறி விளக்குகள் எரிந்துபோகும்.

பின்வந்த அழுத்த ஒழுங்காக்கி இக்குறையை நீக்கியது. அழுத்தம் உரிய அளவை அடைந்ததும் அதிலுள்ள மின்காந்தம் தொடுகையொன்றைத் திறந்து, புலச்சுற்றில் தடையொன்றைப் புகுத்தும்; அழுத்தம் தாழ்ந்ததும் தொடுகை மீள மூடும். இவ்வதிர்வு இடையறாது விரைந்து நிகழ்வதால் சராசரி அழுத்தம் நிலைபெறும்.

இரு முறைகளுக்கும் பொதுவானது ‘கட்டவுட்’ எனப்படும் தானியங்கி ஆளி. தைனமோவின் அழுத்தம் பற்றரியினதை விஞ்சும்போது மட்டும் இது சுற்றை மூடும். இதன் தொடுகைகள் ஒட்டிக்கொண்டால், நிறுத்திய இயந்திரத்தின் பற்றரி இரவோடிரவாகத் தைனமோவினூடு வெறுமையாகும். அடுத்த நாட் காலை பழி பற்றரிமீது விழும்.

முனைமாற்றமும் மாற்றியமைத்தலும்

நேர்முனை புவித்தொடுப்பு உடைய இயந்திரத்திற் பற்றரியைத் தலைகீழாகத் தொடுத்தாலும் தொடக்கி மோட்டர் அதே திசையிலேயே சுழலும். புலமும் ஆமேச்சரும் ஒருங்கே மாறுவதே காரணம். ஆயின் பிளக்கின் நடுமுனை நேராகிவிடுவதால் தீப்பொறிக்கு மேலதிக அழுத்தம் தேவைப்படும். தைனமோவின் எஞ்சிய காந்தமும் புதிய முனைமைக்கேற்ப மாற்றப்படல் வேண்டும். அதற்குப் பற்றரியிலிருந்து புலச்சுருளுக்கு ஒரு கணம் மின் செலுத்துவர். தொடுக்கும் முனை தைனமோவின் வகைக்கேற்ப வேறுபடும்.

1960களில் சிலிக்கன் இருவாயிகளின் துணையோடு அல்ரனேற்றர் பரவலாயிற்று. குறைந்த வேகத்திலும் மின்னேற்ற வல்லது என்பது இதன் சிறப்பு. எனினும் பற்றரியைத் தலைகீழாகத் தொடுப்பின் இருவாயிகள் அக்கணமே அழியும். தைனமோ பொறுத்த தவறை இது பொறாது. இதனைப் பொருத்தி 12 உவோற்றுக்கு மாற்றுவோர் விளக்குகளையும் தீமூட்டற் சுருளையும் மாற்றல் வேண்டும்; அன்றேல் சுருளுடன் தடையொன்றைத் தொடராக இணைத்தல் வேண்டும். பழைய தொடக்கி மோட்டர் 12 உவோற்றிலும் இயங்கும். ஆனால் பல்லுச்சில்லை வன்மையாக மோதும். நெடுநேரம் அழுத்திப்பிடித்தால் வெந்துபோகும்.

முடிவுரை

மாற்றியமைத்தல் தவறன்று, விளக்கு முதலிய மேலதிகத் தேவைகள் உள்ளவிடத்து அது பொருத்தமானதே. ஆயின் அழுக்கேறிய தொடுகையொன்றைத் துடைக்காது முறைமை முழுவதையும் மாற்றுவது, அறியாமைக்குச் செலுத்தும் வரியாகும். 1990இன் பின்னர் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது பற்றரிகளும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்தன. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு, ஒரு கலத்தின் ஆயுளை ஓராண்டு நீடிக்கும் அறிவின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கருவியை வாங்குவதோடு அதன் உடைமை நிறைவு பெறுவதில்லை. அதன் இயக்கத்தை அறிந்த உழைப்பாளனே அதன் உண்மையான உடைமையாளன். ஓர் உவோற்றுமானியும் ஓமின் விதியும் அவ்வுரிமையின் தொடக்கமாகும்.