ஓட்டு ஊரில் இருக்கிறது... அதிகாரம் எங்கே?

காலை ஐந்தே முக்கால் மணி. தடா கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, ஈரம் காயாத தலைமுடியோடு பெண்கள் ஓடிவந்து ஏறுகிறார்கள். ஒருத்தி தெலுங்கில் கேட்கிறாள், இன்னொருத்தி தமிழில் பதில் சொல்கிறாள். இருவருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர் தூரம்தான். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. பஸ்கள் போய்ச்சேரும் இடம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை.

பணக்காரர்கள் கையில் அரசியல் குவிகிறது என்று பேச்செடுத்தால் எல்லோருடைய விரலும் டெல்லியை நோக்கியே நீள்கிறது. நான் வாசகர்களைத் தடாவுக்கு அழைத்துவந்ததற்குக் காரணம் உண்டு. அதிகாரம் கைமாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அது கடைசியாகத் தங்கியிருந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். அந்த வீட்டின் பெயர் கிராமம்.

ஒரு ஜெராக்ஸ் தாள்

டீக்கடை பெஞ்சில் எழுபதைத் தொட்ட பெரியவர் ஒருவர். சத்தியவேடு பக்கத்து ஊர்க்காரர். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள். டி.கே.டி. பட்டா. நிலமில்லாத ஏழை என்று அவருடைய அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர். மடிப்பு விழுந்த இடத்தில் சர்வே நம்பரின் கடைசி இலக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. நிலம் தொழிற்பேட்டைக்கென்று போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தாள் மட்டும் இன்னும் அவரோடு இருக்கிறது.

“மருமக கம்பெனியிலதான் வேலை செய்யுது சார். மாசமானா சம்பளம் வருது, இல்லைன்னு சொல்லமாட்டேன். முன்னாடி ஏரித் தண்ணிக்குத் தகராறுன்னா நேரா சர்பஞ்ச் வீட்டுக்குப் போவோம். இப்ப எதுக்கு யாருகிட்டப் போறதுன்னே புரியலை. சர்பஞ்சைக் கேட்டா, ‘அது என் கையில இல்லை தாத்தா’ங்கிறாரு.”

பெரியவர் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள், ஊர்க் காரியத்தில் “என் கையில் இல்லை” என்கிறார். அப்படியென்றால் யார் கையில்?

543-ல் 504

மேலிருந்து வருவோம். வேட்பாளர்களே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களின்படி, 2009-ல் மக்களவைக்குப் போனவர்களில் 315 பேர் கோடீஸ்வரர்கள். 2024-ல் 543 பேரில் 504 பேர். நூற்றுக்கு 93. பதினைந்தே வருஷத்தில் ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் சபையின் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டுவிட்டது.

ஒரு சட்டமன்ற வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 40 லட்சமும், மக்களவை வேட்பாளர் 95 லட்சமும் செலவழிக்கலாம் என்பது விதி. ஆனால், கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. 1974-ல் உச்ச நீதிமன்றம் கட்சியின் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்கச் சொன்னது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கினார்கள். அன்று விட்ட ஓட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குத் தரலாம் என்றிருந்த கட்டுப்பாடு 2017-ல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்வதற்குள் விற்ற பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய்.

கொடுத்தவர் சும்மா கொடுக்க மாட்டார். அவருக்கு வேண்டியது பெரும்பாலும் எம்.எல்.ஏ. நாற்காலி இல்லை. ஸ்ரீ சிட்டி இருக்கும் சத்தியவேடு சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. அது அடங்கிய திருப்பதி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர்தான் சபைக்குப் போவார். அரசியல் சட்டம் தந்த பெரிய கொடை அது. ஆனால், நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு, எந்த நிலத்தில் எந்தத் தொழில் என்று முடிவெடுக்கும் மேசை வேறொரு இடத்துக்கு நகர்ந்துவிட்டால், நாற்காலியில் யார் உட்கார்ந்து என்ன பயன்?

ஜமீன் போய் ‘ஐலா’ வந்தது

முடிவெடுக்கும் மேசை மக்களுக்கு எட்டாத இடத்தில் இருப்பதை இந்த மண் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறது. காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் ஜமீன்கள் ஆண்ட சீமை இது. 1920-ல் சென்னை மாகாணத்தின் நாலு கோடி மக்களில் ஓட்டுரிமை கிடைத்தது சுமார் 12 லட்சம் பேருக்குத்தான். சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. காளஹஸ்தியில் பிறந்த ஜமீன்தார் ஒருவர் 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். நல்ல சட்டங்களும் அந்தக் காலத்தில் வந்தன. ஆனாலும், உழுதவனுக்கு அந்த ஆட்சியில் வாய் இல்லை. 1948-ல் சட்டம் போட்டு ஜமீனை ஒழித்தார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின. கொடி மாறியது, ஆபீஸ் பாஷை மாறியது. ஊரும் ஏரியும் ஊர்க்காரர்களிடமே இருந்தன.

2005-ல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் நிறைவேறியது. 2008-ல் ஸ்ரீ சிட்டி தொடங்கியது. இன்று 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. அந்தச் சட்டத்தின்படி, மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதி நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும். உள்ளே செய்த பொருள் வேலி தாண்டிப் பக்கத்து ஊருக்கு வந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்ததுபோலத் தீர்வை கட்ட வேண்டும். மண்டலத்தின் நிர்வாகத்துக்குத் தலைவர், மத்திய அரசு நியமிக்கும் வளர்ச்சி ஆணையர்.

ஆந்திரத் தொழிற்பேட்டைகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ‘ஐலா’ என்பார்கள். தொழிற்பகுதி உள்ளாட்சி அமைப்பு. வரி வசூல், கட்டட அனுமதி, தெருவிளக்கு, சாலை என்று உள்ளாட்சி பார்க்க வேண்டிய வேலைகள் அதன் கைக்குப் போய்விடும். வசூலாகும் சொத்து வரியில் ஒரு பங்குதான் பக்கத்துப் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ வந்துசேரும். ‘ஐலா’வுக்கு மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. அரசியல் சட்டத்தின் 243க்யூ பிரிவும் இதற்கு இடம் தருகிறது. ஒரு நிறுவனமே நகர வசதிகளைச் செய்து தந்தால், அந்தப் பகுதியைத் தொழில் நகரியமாக அறிவித்து நகராட்சி இல்லாமலே நடத்தலாம். நூற்றாண்டு கடந்த உருக்கு நகரமான ஜாம்ஷெட்பூரில் இன்றுவரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி கிடையாது.

தொழிற்சாலை வந்ததால்தான் இந்த வறண்ட பூமியில் பெண்கள் கையில் சம்பளம் புழங்குகிறது, ஒவ்வொரு ஃபைலையும் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோனால் ஒரு செங்கல்கூட ஏறாது என்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால், வேகத்துக்காக விட்டுக்கொடுத்த உரிமை, வேகம் கிடைத்த பிறகாவது திரும்பி வந்ததா?

காலியாகும் மரத்தடி

என் தூக்கத்தைக் கெடுக்கும் கவலை கிராம சபையைப் பற்றியதுதான். 1993 ஏப்ரல் 24-ல் 73-வது திருத்தம் அமலுக்கு வந்தபோது ஊர் மரத்தடிக்கு அரசியல் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே பாய், ஒரே குரல். இந்த நாட்டில் பணத்தால் சுலபமாக வாங்க முடியாத மன்றம் அது ஒன்றுதான். அதனால்தான் அதைக் கூட்டாமலே விடுகிறார்கள், அல்லது கூட்டியதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆந்திராவில் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2018-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2021 பிப்ரவரியில்தான் நடந்தது. இரண்டரை வருஷம் ஊருக்குத் தலைவர் இல்லை, தனி அதிகாரிதான். தமிழ்நாடும் இதில் மார்தட்டிக்கொள்ள முடியாது. 2016-ல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் இங்கே பல மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மற்ற 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் நடந்தது. நில விஷயத்திலும் இதே கதைதான். 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டம், தனியார் திட்டத்துக்கு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும் என்றது. சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தம் கொண்டுவந்து அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தின. தமிழ்நாடு 2014-ல், ஆந்திரா 2018-ல். ஊரைக் கேட்க வேண்டிய இடங்களெல்லாம் இப்படித்தான் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லி 2013-ல் ஒடிசாவின் நியமகிரி மலையில் 12 கிராம சபைகள் கூடின. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்ற கேள்விக்கு 12 சபைகளும் வேண்டாம் என்றன. மலை இன்னும் நிற்கிறது. மக்களைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவில் 1981 முதல் 2002 வரை பேசப்பட்ட 1,779 கொள்கைப் பிரச்னைகளை இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். பணக்காரர்கள் விரும்புவதற்குக் கனம் அதிகம், சாதாரணக் குடிமகன் விரும்புவதற்கு ஏறக்குறைய கனமே இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அத்தனை பழமையான ஜனநாயகத்திலேயே இந்தக் கதி என்றால், நம்மிடம் மிச்சமிருக்கும் மரத்தடியை நாம் எப்படிக் காக்க வேண்டும்!

டீக்கடைப் பெரியவர் ஜெராக்ஸ் தாளை மறுபடி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கடைசியாகக் கிராம சபைக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டேன். “எங்க ஊர்ல எப்ப நடந்துச்சு சார்?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். போய் உட்காருங்கள். நம் ஊர் நிலமும் தண்ணீரும் இப்போது யார் முடிவில் இருக்கின்றன என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வரும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.