பன்றி எந்த ஊர்?

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் 1976-ல் எல்க் மான் வேட்டைக்கு உள்ளூர்க்காரர் 9 டாலர் கட்டினால் போதும். வெளிமாநிலத்தவருக்கு எல்க் உரிமம் தனியாகக் கிடையாது. கரடி, மான், பறவை, மீன் எல்லாம் சேர்த்து 225 டாலருக்குத்தான் வாங்கியாக வேண்டும். இதை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் மான்டானாதான் ஜெயித்தது. காட்டு விலங்கைப் பராமரிக்கும் செலவில் உள்ளூர் மக்களின் வரிப்பணம் இருக்கிறது, பொழுதுபோக்குக்கு வருகிறவர் கூடுதலாகக் கட்டினால் தவறில்லை என்பது அங்கே எடுபட்ட நியாயம்.

நம்மிடமும் இந்த உரிமங்கள் இருந்தன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே பெருவிலங்குக்கு ஒன்று, சிறுவிலங்குக்கு ஒன்று, பொறிவைத்துப் பிடிக்க ஒன்று என்று வகை பிரித்திருந்தது. 1991-ல் திருத்தம் வந்து அத்தனையையும் எடுத்துவிட்டது. இப்போது மான்டானா கோடீஸ்வரர் வந்து கேட்டாலும், பாபநாசத்தில் ஏழு தலைமுறையாக இருப்பவர் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

ஆனால் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி போய்விடவில்லை. ஆளை விட்டுவிட்டு விலங்கைப் பிடித்துக்கொண்டது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறையைப் பாருங்கள். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கும் அப்பால் வனத்துறையினர் சுடலாம். ஒரே பன்றிதான், நிற்கிற இடம்தான் அதன் தலையெழுத்து.

கோடு போட்டதில் அறிவியல் இருக்கிறது. தாமிரபரணி பிறக்கும் மலையில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. 1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் தனித்தனிச் சரணாலயங்களாகி, 1988-ல் ஒன்றாக்கப்பட்ட காடு அது. அங்கே புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் பன்றி இரை. கிழங்குக்கும் புழுவுக்கும் அது மூக்கால் மண்ணைக் கிளறுவதும் காட்டுக்கு ஒருவகை உழவு. காட்டோரத்துப் பன்றியைச் சுட்டுத் தீர்த்தால் புலியின் சாப்பாட்டில் கைவைத்ததாகும்.

சமவெளிப் பன்றியின் கதை வேறு. குளத்துக்குள்ளும் கரையோரத்திலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் பகலில் ஒளிந்துகொள்ள அதற்குப் போதும். ராத்திரிக்கு வாழைத்தோட்டம், நெல்வயல். சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் நாலைந்து குட்டிகள் சாதாரணம். அடித்துத் தின்னப் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. அது காட்டிலிருந்து வந்த விருந்தாளி அல்ல, நம் ஊரிலேயே குடியேறிவிட்ட பிராணி. அது தின்பதைவிட மிதித்து நாசமாக்குவதைத்தான் விவசாயி அதிகம் சொல்லி அழுகிறார்.

என்னைக் கேட்டால், 3 கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் சுத்தமாக இருக்கிறது, வயலில் அப்படி இல்லை. பன்றி ஓர் இரவில் சில கிலோமீட்டர் நடக்கும். காலையில் சுடக்கூடாத இடத்தில் படுத்திருக்கும். இருந்தாலும் கோடே இல்லாததற்கு இது மேல். கோடு இல்லாத இடத்தில் தீனிக்குள் வெடியை மறைத்து அவுட்டுக்காய் வைப்பார்கள், வேலியில் திருட்டு மின்சாரம் விடுவார்கள். அவுட்டுக்காயைக் கடித்து யானை வாய் கிழிந்து செத்திருக்கிறது. மின்வேலியில் மனிதரும் செத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் சுடும் அதிகாரம் வனத்துறைக்குத்தான். கையில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தாலும், வயல் உங்களுடையதே ஆனாலும், நீங்கள் சுட்டால் அது வேட்டைக் குற்றம்.