கொழுமிய வடிவமும் சவ்வின் வளைவும்: சேர்வராயன் மலைக் காப்பி இலையை முன்வைத்து

பாடநூல் படங்கள் கொழுமிய மூலக்கூறுகள் அனைத்தையும் ஒரே அளவிலான தலையும் இரு வால்களும் உடையனவாகக் காட்டுகின்றன. இச்சித்திரம் சவ்வின் ஈரடுக்கை விளக்கும், வளைவை விளக்காது. மூலக்கூற்றின் வடிவத்திற்கும் வளைவிற்கும் உள்ள தொடர்பைக் காப்பி இலையின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1976இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் ஆகியோர் இவ்வடிவத்தை ஓர் எண்ணால் குறித்தனர். தலையின் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கி, வால்களின் கனஅளவை அப்பெருக்குத்தொகையால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். அது 1/3க்குக் குறைந்தால் மூலக்கூறுகள் கோளங்களாகத் திரளும். 1/2க்கும் 1க்கும் இடைப்பட்டால் ஈரடுக்காகும். 1ஐ மிஞ்சினால் தலைகள் உள்நோக்கித் திரும்பி, நீரைச் சூழ்ந்த குழல்களாகும்.

சேர்வராயன் மலையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் காப்பியை அறிமுகப்படுத்தினார். ஏற்காட்டில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அது இன்றும் விளைகிறது. பிற பசுந்தாவரங்களைப் போலவே, காப்பி இலையின் பசுங்கணிகத்திலுள்ள தைலகாய்டு சவ்விலும் இரு கொழுமியங்கள் மேலோங்கும். ஒன்றன் தலை ஒரு கேலக்டோஸ்; மற்றதன் தலை இரண்டு. தாவரங்களில் பொதுவாக முன்னது சவ்வுக் கொழுமியத்தில் ஏறத்தாழப் பாதி. பின்னது கால் பங்கு அல்லது சற்று மிகுதி. மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலமே இவற்றின் வால்களில் மிகுதி. அது வளைந்து இடத்தை அடைக்கும். எனவே சிறுதலை உடைய முன்னது கூம்பு. பெருந்தலை உடைய பின்னது உருளை.

கூம்புக் கொழுமியம் தனித்து ஈரடுக்காவதில்லை. ஆயினும் சவ்வில் பாதி அதுவே. இரு அடுக்குகளும் எதிரெதிராக வளைய முயல்வதால் விசைகள் ஈடாகின்றன. சவ்வு தட்டையாக நிற்கிறது, இறுக்கம் மட்டும் எஞ்சுகிறது. ஒளி அறுவடைப் புரதத்தைச் சேர்த்தால் இக்கொழுமியமும் ஈரடுக்காவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. எனினும் வடிவம் மட்டுமே வளைவைத் தீர்மானிப்பதில்லை. கிரானா அடுக்குகளின் விளிம்பை வளைப்பதில் கர்ட்1 புரதங்களுக்கும் பங்குண்டு.

வெப்பம் மிகும்போது வால்கள் அசைந்து அகலும், கூம்புத்தன்மை கூடும். அதனை ஈடுசெய்ய, தாவரங்கள் பலவும் உருளைக் கொழுமியத்தின் விகிதத்தை உயர்த்துகின்றன. சேலம் சமவெளிக்கும் ஏற்காட்டிற்கும் இடையே ஏறத்தாழ 1200 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. அதற்கேற்ப வெப்பநிலையும் மாறுகிறது. ஆகவே மலைக்காப்பியின் வெப்பத் தாங்குதிறனை ஆராய்வோர் கொழுப்பு அமிலங்களின் நிறைவுறாமையை அளப்பதோடு அமையாது, இவ்விரு கொழுமியங்களின் விகிதத்தையும் அளத்தல் வேண்டும். நிறைவுறாமை வாலை மட்டுமே காட்டும். தலையையும் சேர்த்து நோக்கினாலன்றி மூலக்கூற்றின் வடிவம் புலப்படாது.