கார் பெயின்ட்டில் சின்னதா சிப் விழுந்திருக்கா? டச்-அப் பாட்டிலைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்க!

நெடுஞ்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போனாலே போதும். 'டக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பானட்டில் மிளகு அளவுக்கு பெயின்ட் பெயர்ந்திருக்கும். உடனே டச்-அப் பெயின்ட் வாங்கி ஒரு பொட்டு வைத்துவிடுகிறார்கள் பலர். சில மாதங்களில் அது உரிந்து வரும், இல்லையென்றால் ஓரத்தில் பழுப்பாகக் கசியும். திட்டு வாங்குவது பெயின்ட் கம்பெனி. ஆனால் பெரும்பாலும் பிரச்சினை பெயின்ட்டில் இல்லை, அதற்கு அடியில் விட்டுவைத்த மெழுகிலும் துருவிலும்தான்.

முதலில், சிப் எவ்வளவு ஆழம்?

கம்பெனி பெயின்ட்டின் மொத்தத் தடிமனே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறக்குறைய இரண்டு தலைமுடி அளவு. அதற்குள்ளேயே பிரைமர், கலர், மேலே கிளியர் கோட் என்று பல அடுக்குகள். டார்ச் அடித்துப் பாருங்க. மங்கலான சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர் தப்பியிருக்கிறது. பளபளவென்றோ பழுப்பாகவோ தெரிந்தால் தகடு வெளியே வந்துவிட்டது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துரு பயம் இல்லை, அதற்கு பிளாஸ்டிக் பிரைமர் தனி.

தகடு தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். அதுவும் ஈ.சி.ஆர்., தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கிற ஊர்களில். துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே பக்கவாட்டில் ஊர்ந்து போகும். வெளியே மிளகு அளவு, உள்ளே சுண்டைக்காய் அளவு!

சுத்தம்தான் பாதி வேலை

காரை நிழலில் நிறுத்தி, ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காய விடுங்க. வெயிலில் கொதிக்கிற பானட்டில் வேலை செய்தால் பெயின்ட் பரவுவதற்குள் இறுகிவிடும். மழை ஈரத்திலும் வேண்டாம்.

கழுவினால் மட்டும் பாலிஷ், மெழுகு போகாது. அது இருந்தால் புது பெயின்ட் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழியாக விலகும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். 'பெட்ரோல் போட்டுத் தொடைங்க' என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க, எண்ணெய்ப் படலம் மிஞ்சும். தின்னர் அதைவிட மோசம், ஏற்கெனவே ரீபெயின்ட் அடித்த பகுதியையே கரைத்துவிடலாம்.

அடுத்து, பல் குத்தும் குச்சியால் ஓரத்தை மெதுவாகக் கிளறுங்க. பிடிப்பில்லாமல் நிற்கும் பெயின்ட் செதில் இப்போதே வந்துவிடட்டும். துரு இருந்தால், வாட்டர் பேப்பரில் சின்ன வட்டம் வெட்டி பென்சிலின் தட்டையான முனையில் ஒட்டி, சிப்புக்குள் மட்டும் தேய்க்க வேண்டும். தகடு பளிச்சென்று வரும் வரை நிறுத்தக் கூடாது. பொறுமை இல்லாதவர்கள் சறுக்குவது இங்கேதான். துருவின் மேல் பிரைமர் அடிப்பது, புண்ணைக் கழுவாமல் பிளாஸ்டர் போடுவது மாதிரி. பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தை லேசாக மட்டும் தடவி, மீண்டும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் சிப் தயார். தகடு தெரிந்த இடத்துக்கு முதலில் பிரைமர், அது காய்ந்த பிறகே கலர்.

கலர் கோடு, இன்ஷூரன்ஸ்

'ஒயிட்'னு சொல்லி வாங்கினால் மேட்ச் ஆகாது. கார்களில் ஏகப்பட்ட ஒயிட் இருக்கிறது. கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ இருக்கும் ஸ்டிக்கரில் கலர் கோடு பார்த்து வாங்குங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளி வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

'கிளெய்ம் போட்டு முழு பானட்டையும் அடிச்சிடலாமே?' என்ற யோசனை வரலாம். கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கிளெய்மே இல்லாமல் 5 ஆண்டு ஓட்டியவருக்கு அது 50 சதவீதம். போதாததற்கு, 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்துதான். ஒரு மிளகு சைஸ் சிப்புக்கு இது தேவையா?

பேர்ல் கலர் மட்டும் விதிவிலக்கு. அதில் கலருக்கு மேல் இன்னொரு பேர்ல் அடுக்கு இருப்பதால் வீட்டில் மேட்ச் செய்வது கஷ்டம். தெரியாத இடம் என்றால் நீங்களே முயலலாம், பானட்டின் நடுவில் என்றால் பெயின்டரிடம் விட்டுவிடுங்க.