பத்து ரூபாய் வரம்பும் வரம்பில்லாத கட்சியும்

2024 மக்களவைத் தேர்தல் பிரசாரம் ஏப்ரல் 17 மாலை 6 மணியோடு ஓய்கிறது என்றதும், மயிலாடுதுறைத் தொகுதியைச் சேர்ந்த திருவிடைமருதூர் வட்டாரத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைக் கேட்டன: பிடித்த அபேட்சகரை ஆதரித்துச் சொந்தக் காசில் நோட்டீஸ் அடித்து விநியோகிக்கலாமா?

அவருடைய அனுமதியை எழுத்தில் பெறாமல் கூடாது. 1920-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புகுத்தப்பட்ட 171-எச் பிரிவு அதைக் குற்றம் என்றது; 2024 ஜூலையில் அச்சட்டம் நீங்கிய பின்னும் அந்த விதி அப்படியே தொடர்கிறது. செலவு 10 ரூபாய்க்கு மேற்படாமலிருந்து, 10 நாளுக்குள் அபேட்சகரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டால் மட்டும் மன்னிப்பு உண்டு. ஒரு கட்டுக் காகிதம்கூட வாங்க முடியாத அந்தத் தொகைதான், நூற்றாண்டு கடந்தும், சாதாரணப் பிரஜைக்குச் சட்டம் அளந்துவைத்த பிரசார சுதந்திரம்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் தேரோடும் வீதியில் வீட்டுக் கதவுகளில் செருகப்பட்டிருந்த இரண்டு நோட்டீஸ்களை ஒரு வாசகர் அனுப்பியிருக்கிறார். அடியில், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு கேட்கிறபடி, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இரண்டிலும் பொடி எழுத்தில் இருக்கின்றன. ஒன்றில் தலைவர் படத்துக்குக் கீழே அபேட்சகரின் முகம் இருக்கிறது. அதன் செலவு அவருக்கு அனுமதிக்கப்பட்ட 95 லட்சத்தில் சேரும். மற்றதில் தலைவரும் சின்னமும் மட்டுமே. அது கட்சியின் கணக்கு, அந்தக் கணக்குக்கு உச்சவரம்பே கிடையாது. வாக்களிப்பவர் இயந்திரத்தில் தேடுவது அந்தச் சின்னத்தைத்தான் என்றிருக்க, முகத்தை நீக்கிய மாத்திரத்தில் அது அபேட்சகருக்குப் பயன்படாத விளம்பரம் ஆகிவிடுமென்று எந்த நியாயத்தால் கொள்வது? அதிகாரிகள் 'சமவாய்ப்பு' என்று வழங்கும் சொல்லின் அர்த்தம் இவ்வளவில்தான் நிற்கிறது.

இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றம் காணாமலில்லை. அபேட்சகர் அறிய அவருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவருடையதே என்று 1974 அக்டோபரில், கன்வர்லால் குப்தா வழக்கில், அது தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் அவசரச் சட்டம் பிறப்பித்து அரசாங்கம் அத்தீர்ப்பைப் பயனற்றதாக்கிற்று. 2003-ல் சட்ட வாசகம் மாறியும், பெயரோ படமோ இல்லாத பொதுவான கட்சிப் பிரசாரம் இன்றுவரை அபேட்சகரின் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது. செல்வம் மிகுந்த கட்சிக்குக் கதவைத் திறந்துவைத்து, ஏழைப் பிரஜையைப் பத்து ரூபாயில் நிறுத்தும் ஏற்பாடு அநீதியானது என்பதே எமது அபிப்பிராயம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள்.

தொலைக்காட்சி விளம்பரமா? 2004-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி முன்சான்று வேண்டும்.

பத்திரிகை விளம்பரமா? வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் வெளியாவதற்கு மட்டும் முன்சான்று வேண்டும்.

ஒலிபெருக்கி? இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

டீக்கடையில் அபிப்பிராயம் சொல்லலாமா? தாராளமாக, வாக்குப்பதிவு நாளில் சாவடிக்கு 100 மீட்டருக்குள் மட்டும் ஆதரவு கேட்கலாகாது.

அச்சகத்தின் பெயரில்லாத நோட்டீஸ் கைக்கு வந்தால் கிழித்தெறிந்துவிடாதீர்கள். படமெடுத்து, தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்புங்கள், அல்லது 1950 என்ற எண்ணில் சொல்லுங்கள்.