ஸ்கேன் படத்தில் தெரிந்த பனிமூட்டம்

2020 மார்ச்சு மாதம். வட இத்தாலியிலுள்ள லொம்பார்டி மாநிலம் கொரோனாவின் பிடியில் தத்தளித்துக் கொண்டிருந்தது. அங்கே பிரேஷா நகர மருத்துவமனைக்குப் புற்றுநோயாளிகள் சிலர் பெட்-சிடி ஸ்கேன் எடுத்துக்கொள்ள வந்தனர். காய்ச்சலில்லை, இருமலில்லை. புற்று பரவியுள்ளதா என்றறிய எடுத்த படத்திலோ, நுரையீரலில் பனி படிந்த கண்ணாடி போன்ற மங்கல்! பின்னர் செய்த சோதனையில் கொரோனா உறுதியாயிற்று.

இஃது எவ்வாறு தெரிந்தது? இந்த ஸ்கேனுக்குக் கதிரியக்கமூட்டிய சர்க்கரைப் பொருளை நரம்பில் ஏற்றிச் சுமார் ஒரு மணி நேரம் ஓய்வாக இருக்கச் செய்வர். வேகமாய்ப் பெருகும் புற்றணுக்கள் அதனை மிகுதியாக உறிஞ்சிப் படத்தில் ஒளிரும். கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களும் அவ்வாறே உறிஞ்சும். கள்வனுக்கும் காவலனுக்கும் ஒரே பசி போலும்!

தொற்றைப் புற்றின் பரவலென மயங்கினால் வேண்டாத சிகிச்சை நேரிடும். தொற்றை அறியாமல் கீமோதெரபி கொடுத்தாலோ நோயெதிர்ப்பாற்றல் மேலும் குன்றும். மங்கலை மட்டும் கொண்டு கொரோனா என்று அறுதியிடவும் இயலாது. இன்புளூயன்சாவும், ஏன், சில புற்றுநோய் மருந்துகளுமே அத்தகைய நிழலை உண்டாக்கும். ஆகவே மருத்துவர் முந்தைய படங்களோடு ஒப்பிடுவர். ஐயம் தீராவிடில் சில வாரங்கள் கழித்து மீண்டும் படமெடுக்கச் சொல்வர்.

பிழைப்புக்காக வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில், பழைய படங்கள் சொந்த ஊர்ப் பீரோவில் கிடப்பதுண்டு. அவற்றை முன்கூட்டியே வரவழைத்து உடன் கொண்டு செல்லுங்கள். அண்மையில் சளி, காய்ச்சல் கண்டிருந்தால் ஊசி ஏற்றுமுன் கூறுங்கள். தடுப்பூசி போட்டிருந்தால் எந்தக் கையில் என்பதையும் கூறுங்கள். அதனால் அக்குளில் கட்டும் நெறியும் படத்தில் ஒளிரும்.