ஞாயிற்றுக் கொழுந்து

அட்டன் மலைச்சரிவிற் கொழுந்து என்றால் தேயிலைத் தளிரே. தீயின் நாவுக்கும் அஃதே பெயர் என்று வகுப்பிற் சொன்னபோது, "ஞாயிற்றிலும் கொழுந்து உண்டோ, ஐயா?" என வினவினான் ஒரு மாணவன்.

உண்டு. ஞாயிற்றின்மேல் முறுகிக் கிடக்கும் காந்தப்புலம் அறுந்து மீளப் பொருந்துங்கால் எழுவது அது. 1859ஆம் ஆண்டு காரிங்டன் என்னும் ஆங்கிலேயர் கண்டது அதன் வெண்ணொளியை மட்டுமே. விரைந்தோடும் இலத்திரன்கள் அடர்ந்த கீழடுக்கில் மோதித் தடைப்பட ஊடுகதிர் பிறக்கிறது. புரோத்தன்கள் அணுக்கருக்களைத் தாக்கக் காமாக்கதிர் பிறக்கிறது. கொழுந்து எழும் முதற்கணங்களுக்கு இவையே சான்று. ஆயின், நம்மைக் காக்கும் வளிமண்டலம் இவற்றைத் தடுத்துவிடுகின்றது. நூறாண்டுக்கு மேலாக ஞாயிற்றை நோக்கிவரும் கோடைக்கானல் ஆய்வகத்துக்கும் இவை எட்டா! 1972 ஓகஸ்ட் மாதத்திற் காமாக்கதிர்க் கோடுகளை முதலில் அறிந்தது ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளே.

2023 செப்டெம்பர் 2ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்யா-எல்1, புவியினின்று 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிலைகொண்டுள்ளது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் சாஜி அம்மையார். அதிலுள்ள 'ஹீலியோஸ்' என்னுங் கருவி, போகும் வழியிலேயே, அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் ஒரு கொழுந்தின் வன் ஊடுகதிர்களைப் பதிவுசெய்தது.

'சுவாலை' என்னும் வடசொல்லை ஆள்வோரும் உளர், பிழையன்று. ஆயினும் கொழுந்து பறிப்போரின் மக்கள் அமர்ந்திருந்த அவ்வகுப்பில், 'ஞாயிற்றுக் கொழுந்து' என்றே கரும்பலகையில் எழுதினேன்.